தாசில்தார் ஆபீஸ் சமாதானமா, எஃப்.ஐ.ஆரா?

திருநெல்வேலிப் பக்கம் கொடை விழாவில் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று ஊரின் பெரும்பான்மைத் தரப்புக்கும் சிறுபான்மைத் தரப்புக்கும் உரசல் வந்தால், முதலில் நடப்பது அமைதிப் பேச்சுவார்த்தை. தாசில்தார் நடுவில், இரு தரப்பும் எதிரெதிரே, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. செலவில்லை, மறுநாள் கடை திறந்துவிடும். ஆனால் நூறு வீடும் பத்து வீடும் சமமாக விட்டுக்கொடுப்பது எப்படி? "இந்த வருஷம் மட்டும் அந்தத் தெரு வேண்டாமே" என்பது பெரும்பாலும் பத்து வீட்டுக்காரர்களிடம்தான் சொல்லப்படும். அடுத்த வருஷமும் அதே பேச்சுதான்.

இன்னொன்று வழக்கு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி விசாரிப்பவர் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி. வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. சாட்சிப் பாதுகாப்பை 2015 திருத்தம் சேர்த்தது. சிக்கல் என்னவென்றால், வயல் வேலை கொடுப்பவரே எதிர்த்தரப்பாக இருந்தால் சாட்சி எத்தனை நாள் தாங்குவார்? (இந்தச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத்தான். நெல்லை மேலப்பாளையத்து முஸ்லிமுக்கு எல்லாருக்குமான பொதுக் குற்றவியல் சட்டம்தான் கதி.)

புகார் சொன்னவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், சக மாணவர்கள் தொல்லை தருவதாகப் பள்ளியில் சொன்ன பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிறுக்குத் தடை கேட்டது.

என்னைக் கேட்டால் முதலில் எஃப்.ஐ.ஆர்., அப்புறம் பேச்சுவார்த்தை. புகார் நம்பர் கையில் இருந்தால்தான் பத்து வீட்டுக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச முடியும்.