பாத்திரமே சுற்றினால்: ஓப்பன்ஃபோமில் சில வருடங்கள்

சில வருடங்களாக ஓப்பன்ஃபோமை (திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்) ஏறக்குறைய ஒரே மாதிரியான வேலைக்குத்தான் பயன்படுத்தி வருகிறேன். ஓர் உருளைப் பாத்திரம், உள்ளே தண்ணீர், பாத்திரம் மொத்தமாகத் தன் அச்சில் சுற்றும், உள்ளே ஓட்டம் கொந்தளிக்கும். கலக்கி, பம்ப், டர்பைன் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் நல்ல செய்தி. பாத்திரம் அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருந்தால் மெஷ்ஷை, அதாவது இடத்தைச் சின்னச் சின்ன செல்லாகப் பிரிக்கும் வலையை, சுழற்றவே வேண்டாம். சுவருக்கு ‘ரொட்டேட்டிங்வால்வெலாசிட்டி’ என்ற எல்லை நிபந்தனையைப் போட்டு, அச்சையும் வேகத்தையும் கொடுத்தால் போதும். வேகத்தை நொடிக்கு இத்தனை ரேடியன் என்று கொடுக்க வேண்டும். 60 ஆர்பிஎம் என்றால் 6.28, அவ்வளவுதான். உள்ளே தடுப்புத் தகடு மாதிரி ஏதாவது இருந்தால்தான் சுழலும் மெஷ், சுழலும் சட்டகம் (பாத்திரத்தோடு சேர்ந்து சுற்றியபடி கணக்கிடுவது) என்ற தலைவலியெல்லாம்.

உண்மையான விஷயம் அடித்தளத்தில் இருக்கிறது. 10 செ.மீ. ஆழத் தண்ணீர் நொடிக்கு 1 ரேடியன் வேகத்தில் பாத்திரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது, இப்போது பாத்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பாகுநிலையால் மட்டும் அந்தச் செய்தி மேலே பரவ வேண்டுமென்றால் 10,000 விநாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நிஜத்தில் 100 விநாடி அளவிலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். காரணம் எக்மன் படலம். அடியில் சுமார் 1 மி.மீ. தடிமனில் இருக்கும் நீர் மற்றதைவிட வேகமாகச் சுற்றுவதால் வெளியே வீசப்படுகிறது, அதை ஈடுகட்டப் படலத்துக்கு மேலே இருக்கும் நீர் அச்சை நோக்கி நகர்கிறது, கோண உந்தம் மாறாது என்பதால் அப்படி நகரும்போதே அதன் சுழற்சி கூடுகிறது. டீயைக் கலக்கிவிட்டு நிறுத்தினால் தூள் நடுவில் வந்து குவிகிறதே, அது இதே படலம் தலைகீழாக வேலை செய்வதுதான்.

ஆக 10 செ.மீ. தண்ணீரின் தலையெழுத்தை 1 மி.மீ. தீர்மானிக்கிறது. அந்த 1 மி.மீ.க்குள் பத்து செல்லாவது வைப்பேன். முதல் செல்லே 2 மி.மீ. இருந்தால் மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது, ரெசிடுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) அழகாக இறங்கும், விடை மட்டும் தப்பு. கொந்தளிப்பு மாடல் பக்கம் போகும் முன் லேமினாரில் (கொந்தளிப்பு மாடல் இல்லாமல்) இந்த 100 விநாடி வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, எல்லோரும் பழக்கதோஷத்தில் போடும் கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடல். சுழலும் சட்டகத்தில் நின்று பார்த்தால் கோரியோலிஸ் விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்து, அது எந்த வேலையும் செய்யாது, ஆகவே கொந்தளிப்பு ஆற்றலுக்கான சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை. இயற்கையிலோ சுழற்சி இருந்தால் பெரிய சுழல்களிலிருந்து சின்னதுக்கு ஆற்றல் இறங்குவது தடைபடுகிறது, கொந்தளிப்பு மெதுவாக அடங்குகிறது. கே-எப்சிலானுக்குப் பாத்திரம் சுற்றுவதும் சும்மா நிற்பதும் ஒன்றுதான். சுழற்சிக்கான திருத்தம் சேர்க்காத எஸ்எஸ்டி என்ற இன்னொரு மாடலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பலார்ட்-ஷுர் 1997-இல் கொடுத்த திருத்தம் உங்கள் பதிப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும், கொந்தளிப்புத் தகைவுகள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாடு வைக்கும் ரெனால்ட்ஸ் தகைவு மாடலுக்குத்தான் போகிறேன். அந்த வகையில் 1975-இன் எல்ஆர்ஆர், 1991-இன் எஸ்எஸ்ஜி இரண்டும் ஓப்பன்ஃபோம் கூடவே வருகின்றன. ஆனால் அடம் பிடிக்கும். கே-எப்சிலானில் ஒரு சுமாரான புலத்தை எடுத்து, அதிலிருந்து எஸ்எஸ்ஜி-யை ஆரம்பித்து, ரிலாக்சேஷனை (ஒவ்வொரு சுற்றிலும் விடையை எவ்வளவு மாற்றுவது என்ற அளவை) குறைத்து வைத்தால் வழிக்கு வரும். சுழலும் சட்டகத்தில் ஓட்டினால் தகைவுச் சமன்பாடுகளிலும் கோரியோலிஸ் உறுப்புகள் வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று நிலையான சட்டகத்திலேயே ஓட்டுகிறேன்.

பெரிய சுழல்களை நேரடியாகவே கணக்கிடும் எல்இஎஸ் போட்டால் அச்சுக்கு இணையாகத் தூண் தூணாகச் சுழல்கள் எழும், விடையைப் படமாகக் காட்டும் பாராவியூவில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இங்கே சுழற்சியால் எழும் நிலைம அலைகள் இருக்கும், அவற்றின் கோண அதிர்வெண் பாத்திரத்தின் சுழற்சி வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வரை போகும். நேரத்துக்கு ஆய்லர் முறை போட்டால் அந்த அலைகளைக் கணக்கீடே அமுக்கிவிடும். அதற்குப் பதில் ‘பேக்வர்ட்’ முறையைப் போடுங்கள், நேர இடைவெளியையும் சிறிதாக வையுங்கள்.

பதிப்பு விஷயம் கொஞ்சம் எரிச்சல்தான். ஓப்பன்ஃபோமுக்கு ஃபவுண்டேஷன், இஎஸ்ஐ என்று இரண்டு கிளை. ஃபவுண்டேஷன் கிளையில் 2023-இல் வந்த 11-ஆம் பதிப்பில் சிம்பிள்ஃபோம், பிம்பிள்ஃபோம் மாதிரி தனித்தனியாக இருந்த கணக்கீட்டு நிரல்கள் எல்லாம் ‘ஃபோம்ரன்’ என்ற ஒரே நிரலுக்குள் போய்விட்டன, பழைய கேஸை (ஒரு கணக்குக்கான கோப்புகளை) தூசி தட்டி எடுத்தால் அப்படியே ஓடாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

மேல்பரப்பு திறந்திருந்தால், தண்ணீரையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் இன்டர்ஃபோம். இதற்குக் கைக்கணக்கு சுலபம்: ஆரம் 10 செ.மீ., வேகம் நொடிக்கு 10 ரேடியன் என்றால் நடுவுக்கும் விளிம்புக்கும் உயர வித்தியாசம் 5.1 செ.மீ. வர வேண்டும். வருகிறது, ஆனால் மேலே இருக்கும் காற்றின் வேகம் நேர இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகும். பரப்பின் வடிவம் தேவையில்லை என்றால் பேசாமல் மூடி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்கக் காற்றைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். மூடி போட்டால் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அங்கேயும் ஓர் எக்மன் படலம் வரும், அங்கேயும் மெஷ் அடர்த்தி வேண்டும்.