இழுக்கும், ஆனால் சுமக்காது: என் அரை டன் பிக்கப்

டாலஸில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "உன் வண்டி 11,000 பவுண்டு இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான். நான் பாத்து வச்சிருக்கிற டிரெய்லர் 7,000தான். அதே வண்டியை நானும் வாங்க அப்புறம் என்னடா யோசனை?" என்றான். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகப் புலம்பி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கேயே புலம்பிவிடுகிறேன்.

என்னுடையது நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், டர்போ பெட்ரோல் என்ஜின், கொஞ்சம் உயர்ந்த ட்ரிம், அதாவது வசதிகள் கூடிய பதிப்பு. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லவில்லை. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டன்ட்ரா என்று அரை டன் எனப்படும் இந்த வகுப்பில் (அது வகுப்பின் பெயர்தான், எடை அல்ல) எதை எடுத்தாலும் நான் சொல்லப்போகும் கதை பெரிதாக மாறாது. டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கம் குடியிருப்பு. வார நாளில் ஆபீஸ், சனிக்கிழமை தோட்ட வேலை, லீவு விட்டால் குடும்பத்தோடு தங்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பயணம்.

முதலில் அந்த 11,000. அது பொய் இல்லை. ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் 11.4 மைல் ஏற்றத்தில், ஏசி முழு வேகத்தில் ஓட, 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் டிரெய்லரோடு ஏறிக் காட்ட வேண்டும். என் வண்டி அதில் தேறும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, ஐஸ் நிரப்பிய கூலர் இல்லை, சைக்கிள் இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு ஒரு எண். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓட்டுகிறவரும் அதில் அடக்கம். விளம்பரத்தில் ஒருவரும் இதைப் போடுவதில்லை, விற்பனையாளரும் வாயைத் திறப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். என் டிரெய்லரும் முழுக் கொள்ளளவில் 7,000 பவுண்டுதான். சாமான், கேஸ் சிலிண்டர், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு நிஜத்தில் 6,300. தண்ணீர் மட்டுமே ஒரு காலனுக்கு எட்டு பவுண்டுக்கு மேல். இதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கி மேல், உட்கார வேண்டும், குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 820. நாங்கள் நான்கு பேர் 495. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 90. ஆக 1,405. மிச்சம் 75 பவுண்டு. கூலரை ஏற்றினால் தீர்ந்தது. பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் கூலரை இறக்கிவிட்டாலும் பாட்டிக்கு இடம் கிடையாது. இழுவையில் இன்னும் 4,700 பவுண்டு பாக்கி இருக்கிறது, அதை வைத்து என்ன செய்ய?

இதில் கோபத்தைக் கிளப்புவது ட்ரிம் விஷயம். அதே மாடலில் துணி சீட், சின்னச் சக்கரம் என்று அடிமட்டத்தில் வாங்கினால் ஸ்டிக்கரில் பல நூறு பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும். கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் படி, தோல் சீட், 20 அங்குலச் சக்கரம் என்று காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொன்றும் அந்த எண்ணைக் கடித்துத் தின்றிருக்கிறது. அதிகம் கொடுத்தவனுக்குக் குறைவாகத் தூக்கித் தரும் பொருள் உலகத்தில் வேறு எது? பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர்பேக் மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். வண்டி தொங்காமல் நேராக நிற்கும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. டயர் மாற்றினாலும் அப்படித்தான்.

நம்பாதவர்கள் பயணத்துக்குக் கட்டிய கோலத்திலேயே லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடைக்குப் போய்விடுங்கள். அழைப்புப் பொத்தான் பதினெட்டுச் சக்கர லாரி டிரைவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். நாம் இறங்கிப் போய் எக்கித்தான் அழுத்த வேண்டும். பின்னால் ஒரு லாரி காத்திருக்கும், கூச்சப்பட வேண்டாம். முன் அச்சு ஒரு மேடையில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில். என் ரசீதில் பின் அச்சு 3,730 என்று வந்தது, வரம்பு 3,800. பதினைந்து டாலர் சொச்சத்துக்கு இவ்வளவு தெளிவு வேறெங்கும் கிடைக்காது.

சரி, வரம்புக்குள்தானே இருக்கிறது, ஓட்டினால் எப்படி என்றால், ஊர்ப்பக்கம் அருமை. டோ ஹால் என்னும் இழுவை மோடைப் போட்டால் இறக்கத்தில் கியரைத் தானே குறைத்துப் பிடித்துக்கொள்கிறது. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோல் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. பின் கேமராவில் வரும் கோட்டைப் பிடித்துப் போனால் ஹிட்ச் பந்து சொல்லி வைத்தாற்போல் டிரெய்லர் முனையில் உள்ள கப்ளருக்கு அடியில் போய் நிற்கும். முன்பெல்லாம் மனைவி பின்னால் நின்று கை காட்ட, நான் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள, பாதிச் சண்டை பார்க்கிங்கிலேயே முடிந்திருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே வண்டிக்குக் கோயில் கட்டலாம்.

பிரச்சினை கெர்வில் தாண்டி ஐ-10-இல் மேற்கே போகும்போது. அங்கே வேக வரம்பு 80. என் டிரெய்லர் டயருக்கு 65தான், அதனால் வலது லேனே கதி. பெரிய லாரி முந்தும்போது முதலில் காற்று நம்மைத் தள்ளும், அது கடந்ததும் உள்ளே இழுக்கும். ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நெளிவு வரும். டிரெய்லர் முதலில் அசைந்து, பின்பு வண்டியின் வாலை அசைக்கும். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை கல்லாகிவிடும். எதிர்க்காற்று இருந்தால் காலனுக்கு எட்டு ஒன்பது மைல்தான். இன்னொரு நண்பனின் ஏழாயிரத்து முந்நூறு பவுண்டு எடையுள்ள பிக்கப், அதாவது அடுத்த பெரிய வகுப்பான முக்கால் டன், அதே சாலையில் அதே காற்றில் அசையவே இல்லை. இழுவைச் சக்தி அல்ல, வண்டியின் சொந்த எடையும் கட்டுமானமும் செய்யும் வேலை அது.

கொலராடோ போகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ-70-இல் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் என்று வைத்தாலும் அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். ஏறுவதுகூடப் பரவாயில்லை. இரண்டு பக்கமும் இறக்கம்தான் பயம். அங்கே டீசல் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக்கை, அதாவது புகைக்குழாயை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கும் வசதியை, பார்த்து எனக்குப் பொறாமை வந்தது உண்மை.

இழுக்காமல் சுமக்க மட்டும் என்றால் இன்னும் கவனம். தோட்டத்துக்கு டிகம்போஸ்டு கிரானைட் (பொடிந்த கருங்கல்) வாங்கப் போனால் லோடர்காரர் "ஒரு யார்டா, அரை யார்டா?" என்று கேட்டுக்கொண்டே என் பின் டயரைப் பார்ப்பார். ஒரு கன யார்டு 2,500 பவுண்டுக்கு மேல். அரை யார்டு கொட்டும்போதே பின்பக்கம் முனகிக்கொண்டு உட்காரும். மரத்தூள் மல்ச் என்றால் குவித்து வாங்கலாம்.

அப்படியானால் முக்கால் டன் வாங்கிவிடலாமா? டீசலுக்கு ஆசைப்படாதீர்கள். அந்த வகுப்பில் பல வண்டிகளின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கிறது. கனமான டீசல் என்ஜினை உள்ளே வைத்த பிறகு, உயர்ந்த ட்ரிமில் பேலோட், அதாவது அந்த ஸ்டிக்கர் எண், 2,000 பக்கம் வந்து நின்றுவிடும். பெட்ரோல் முக்கால் டன்தான் 3,000-ஐத் தாண்டும். காலி வண்டியில் அது குதிக்கிற குதியில் காபி மடியில் கொட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பனுக்கு என் பதில்: 7,000 பவுண்டு டிரெய்லர், குடும்பம், மலை மூன்றும் உறுதி என்றால் அரை டன் போதாது. பெட்ரோல் முக்கால் டன் எடு. நான் எடுக்க மாட்டேன். வருடத்தில் பெரும்பாலான நாள் ஆபீஸ் போகிறவனுக்கு இந்த வண்டியைவிடச் சுகம் வேறில்லை. நான் மாற்றப்போவது டிரெய்லரைத்தான். 5,000 பவுண்டுக்குள், நீளம் குறைந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த அளவில் வருவதில் பெரும்பாலானவற்றில் பங்க் பெட் (அடுக்குக் கட்டில்) இல்லை. பங்க் பெட் இல்லாவிட்டால் வர மாட்டோம் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் அடம்பிடிக்கிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.