அந்த மூடி ஒன்றைத் தவிர

நண்பனின் குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. "சுத்தம் செய்ய வாங்குகிறோமே, அதில் எதுடா ஆபத்து கம்மி?" என்று கேட்டான். தவழுகிற தரைக்குச் சோப்புத் தண்ணீரே போதும் என்று முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு இதில் நாலு வருட எரிச்சல் பாக்கி இருக்கிறது.

வினிகர் சாது. சுமார் 5 சதவீத அசெட்டிக் அமிலம், கையில் பட்டால் கழுவினால் போயிற்று. குழாயில் படியும் உப்புக்கறைக்கு நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அரை மணியில் இளகிவிடும். மார்பிள் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பளபளப்பை அரித்துவிடும். சமையல் சோடாவோடு கலந்தால் பொங்குவது வெறும் வேடிக்கை. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. கிருமிக்கு வினிகரை நம்ப முடியாது.

கிருமிக்கு பிளீச்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, பாட்டிலில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து ஊற்றினால் வேலை கச்சிதம். கலந்ததை மறுநாளுக்கு வைத்தால் வீரியம் இறங்கிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த மூடி! குழந்தைகள் திறக்கக் கூடாது என்று அழுத்தித் திருகும்படி செய்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அழுத்தப் பாட்டிலை இறுக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது பிதுங்கி வாய் வழியாக வழிகிறது. தண்ணீர் மாதிரி இருப்பதால் தெரிவதும் இல்லை. இதுவரை மூன்று சட்டைகளில் வெள்ளைப் புள்ளி. பாதுகாப்பு மூடியால்தான் என் கையில் பிளீச் படுகிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

நியாயமாகப் பார்த்தால் பெரிய தப்பு என்னுடையது. கழிவறையில் ஊற்றும் ஆசிட் வகையைத் தேய்த்துவிட்டு, சரியாகக் கழுவாமல் அதன்மேலேயே பிளீச்சை ஊற்றினேன், இரட்டிப்புச் சுத்தம் என்று நினைத்து. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு. தொண்டை பிடித்துக்கொண்டது, கண் எரிந்தது, கதவைத் திறந்துபோட்டு வெளியே ஓடினேன். ராத்திரி வரை இருமல். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு பிளீச் சேர்ந்தாலும் இதே மாதிரி நச்சு வாயு வரும். கலக்காதீர்கள் என்று பாட்டிலில் எழுதித்தான் இருந்தது, பூப்படத்துக்குக் கீழே எறும்பு அளவில்.

அதனால் நண்பனிடம் சொன்னது இது: ஆசிட்டும் பிளீச்சும் ஒரே வீட்டில் வேண்டாம், பிளீச்சை மட்டும் வாங்கி உயரத்தில் பூட்டி வை. ஆசிட் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, குழாயின் பளபளப்பும் உரிகிறது.

என் வீட்டில் போன வாரம் மூன்றாவது சட்டையும் போனது. பிளீச்சை நிறுத்திவிட்டேன். இப்போது ஆசிட்தான் இருக்கிறது. அதன் மூடி ஒழுகுவதில்லை.