பாசிக்குடா: கடலில் குறையில்லை

பள்ளிக்கூட விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். பாசிக்குடாக் கடற்கரை இப்போது எப்படி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளையும் வயதுபோனவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா? இந்த ஓகஸ்டில் நாங்கள் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தோம். முதலில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தங்கினோம். அப்புறம் டவுனில் மாமி வீட்டிலிருந்து வான் பிடித்து, சோற்றுப் பார்சலும் பாயும் எடுத்துக்கொண்டு, ஊர்ச் சனத்தோடு சனமாகப் பொதுக் கரைக்குப் போனோம். கடல் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறு வேறு.

கடலில் குறை சொல்ல எதுவும் இல்லை. குடாவின் வாயில் பவளப்பாறைத் திட்டு கிடப்பதால் வெளிக்கடல் அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. உள்ளே வருவது சிற்றலைதான். தரையும் மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. முழங்கால் நோவால் வீட்டுப் படி இறங்கவே யோசிக்கும் மாமி, ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தண்ணீருக்குள் போடச் சொல்லி, சேலையோடு அதில் அமர்ந்தார். அமர்ந்தவர் மத்தியானம் வரை எழும்பவில்லை. சாப்பிட வரச் சொன்னால், "நீங்க தின்னுங்க மனே, இஞ்ச இருந்தா எனக்குக் கால் நோகுதில்ல" என்றார். பக்கத்தில் வேறு இரண்டு குடும்பத்துக் கிழவிகளும் அதே மாதிரி கதிரை போட்டு அமர, அங்கேயே ஒரு சபை கூடிவிட்டது. முதியவர்களுக்கு இதைவிட நல்ல கடல் இலங்கையில் எனக்குத் தெரிய இல்லை.

ஆனால் வெறுங்காலோடு போக வேண்டாம். உடைந்த பவளத் துண்டுகள் மணலுக்குள் கிடக்கின்றன, வடக்குப் பக்கம் போகப் போகக் கூடுதலாக. காலையில் கரையோரமாகப் பாசியும் சாதாளையும் பழுப்பு நிறத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ஹோட்டல்களின் முன்னால் விடிவதற்குள் வாரி எடுத்துவிடுகிறார்கள். பொதுக் கரையில் அது கிடந்தபடி கிடக்கிறது. அதில் அழுக்கு என்று எதுவும் இல்லை, மணம்தான் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். பத்து நிமிடத்தில் மறந்தும் போனார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது காற்று. ஓகஸ்டில் பகலில் வீசுவது கச்சான், மேற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வருகிற சுடுகாற்று. அது கடலைத் தட்டையாக்கிவிடும். பார்த்தால் குளம் மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் எல்லாரும் காற்றடித்த மிதவைகளைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். அந்தக் காற்றே மிதவையை வெளியே தள்ளிக்கொண்டு போகும். எங்கள் சின்னவனின் ரோசா நிறப் பிளமிங்கோ மிதவை கைநழுவிய உடனே போன வேகத்தில், நீந்தத் தெரிந்த என் மச்சான்கூட இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டார். நல்லகாலம், அதில் பிள்ளை இல்லை. அடியில் கண்ணாடி வைத்த கண்ணாடிப் படகோட்டும் தம்பி ஒருவர் எஞ்சினைத் தட்டிப் போய் அதை மடக்கிக் கொண்டுவந்தார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. "கச்சான் நேரம் இத இறக்காதீங்க அண்ண. பின்னேரம் கடல்காத்து வரட்டும்" என்று மட்டும் சொன்னார். உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஏதாவது வாங்கியிருந்தால் ஒரு கயிறும் வாங்குங்கள்.

இன்னொன்று, கல்குடா. முனையைச் சுற்றினால் அந்தப் பக்கம் நீண்ட வெறும் மணல், ஆளரவம் குறைவு, படம் எடுக்க அழகு. பாசிக்குடாவும் கல்குடாவும் ஒன்றுதானே என்று சிலர் அங்கே பிள்ளைகளோடு இறங்கிவிடுகிறார்கள். அது திறந்த கடல். பாறைக் காவல் கிடையாது, ஆழம் சட்டென்று வரும், இழுவையும் உண்டு. நாங்கள் போன நேரம் அங்கே ஒரு உயிர்காப்பாளரையும் காணவில்லை. பாசிக்குடாப் பொதுக் கரையில் உயிர்காப்புப் பொலிசார் நின்றார்கள், விசிலும் ஊதிக்கொண்டே இருந்தார்கள். குளிப்பதற்குப் பாசிக்குடா, நடப்பதற்குக் கல்குடா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கரைக்கு வருவோம். வார விடுமுறையிலும் பௌர்ணமிப் போயா நாளிலும் பொதுக் கரைக்கு எங்கிருந்தெல்லாமோ சனம் வருகிறது. காத்தான்குடி, ஓட்டமாவடிக் குடும்பங்கள், பொலன்னறுவை, கண்டிப் பக்கத்திலிருந்து பஸ் நிறைய வரும் சிங்களக் குடும்பங்கள், செங்கலடி, களுவாஞ்சிக்குடி இளைஞர்கள், நடுவில் எங்களைப் போல கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள். ஒரு மரத்தடியில் பைலாப் பாட்டு, அடுத்த மரத்தடியில் பாயை விரித்து மத்தியான லுகர் தொழுகை. பெண்கள் உடுத்த உடுப்போடுதான் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள், யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை. இந்தக் கலவைக்காகவே ஒரு நாள் அந்தப் பக்கம் போகலாம்.

ஆனால் இத்தனை சனத்துக்கும் இருக்கிற வசதியைப் பார்த்தால் மனம் நோகும். மலசலகூடம் இருக்கிறது. வாசலில் ஒருவர் மேசை போட்டு அமர்ந்து காசு வாங்குகிறார், அதில் குறையில்லை. காலையில் சுத்தமாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்குப் பிறகு தண்ணீர் நூலாக வந்தது, பின்னேரம் வாளியில் மொண்டு ஊற்ற வேண்டி வந்தது. உடுப்பு மாற்றும் அறையின் கதவில் கொளுக்கி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. என் மனைவி உள்ளே போக, மகள் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்தாள், அப்புறம் முறை மாற்றி அவள் போனாள். அவர்களுக்குப் பின்னால் நின்ற பெண்களும் அதையே செய்தார்கள். யாரும் முறைப்பாடு செய்யவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். நூறு ரூபாய்க் கொளுக்கி ஒன்றைப் பூட்டுவதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவையில்லை. உப்பைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய்களும் போதாது. வானில் இரண்டு பெரிய கலன் தண்ணீர் கொண்டு போங்கள், மாமியின் யோசனை அது, பெரிய உதவியாக இருந்தது.

குப்பைத் தொட்டிகள் இல்லாமல் இல்லை, மத்தியானத்தோடு நிரம்பிவிடுகின்றன. அப்புறம் காகமும் நாயும் மாடும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஆமாம், மாடுகள் கரையில் தாராளமாக நடக்கும், சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றை 2017இல் தடை செய்தார்கள், ஆனாலும் மரத்தடிகளில் பொலித்தீன் பறக்கத்தான் செய்கிறது. சவுக்கு மரங்களின் பின்பக்கம் உடைந்த போத்தல் கிடந்தது. பிள்ளைகளை அங்கே ஒளித்துப் பிடித்து விளையாட விடாதீர்கள்.

ஹோட்டல் பக்கத்தில் இந்தப் பிரச்சினைகள் ஒன்றும் இல்லை. நீச்சல் தடாகம், நல்ல தண்ணீர் ஷவர், சாய்கட்டில், துவாய், எல்லாம் ஒழுங்கு. 70களில் இங்கே ஹோட்டல்கள் இருந்தன, பிறகு யுத்தம், 2004 டிசம்பர் 26இல் சுனாமி என்று எல்லாம் சிதைந்து, 2009க்குப் பிறகு திரும்ப எழும்பியவைதான் இப்போது குடாவைச் சுற்றி நிற்பவை. சாப்பாடு மட்டும் கொஞ்சம் ஊமை. இந்தக் கடலோரத்தில் தங்கிக்கொண்டு உறைப்பில்லாத நண்டுக் கறி சாப்பிடுவது பாவம். கேட்டால் ஊர் முறையில் சமைத்துத் தருகிறார்கள், முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

கட்டணம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வில்லங்கம். வெளிநாட்டவருக்கு டொலரில் ஒரு விலை, உள்ளூரில் வசிப்பவருக்கு ரூபாயில் ஒரு விலை. தமிழில் கதைத்து, மட்டக்களப்பில் பிறந்தேன் என்று சொன்னாலும் முன்மேசையில் கேட்பது அடையாள அட்டையைத்தான். இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் செல்லும். ஊரில் இருக்கும் உறவினர் பெயரில் அறை பதிந்தாலும், தங்குகிற ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் பார்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்களைப் பார்க்க வந்த சித்தப்பா குடும்பம் ஹோட்டலுக்கு முன்னால் மணலில் பாய் விரித்தபோது, காவலாளி வந்து, "இது ஹோட்டல் இடம், அங்கால போங்க" என்றார். சித்தப்பா எழும்பவும் தொடங்கிவிட்டார். நான் விடவில்லை. கடற்கரை அரசுக்குச் சொந்தமானது. கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1981இலிருந்து இருக்கிறது. கட்டிலும் குடையும் உங்களுடையவை, மணலில் நாங்கள் இருப்போம் என்று மரியாதையாகச் சொன்னேன். மேலாளர் வந்து சிரித்துச் சமாளித்துவிட்டுப் போனார். காவலாளியில் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் செய்கிறார். ஆனால் ஊர்க்காரர் தானாகவே எழும்பிப் போகிற அளவுக்கு இது பழகிப்போயிருக்கிறது, அது சரியில்லை.

கண்ணாடிப் படகில் ஏறுவதற்கு முன் விலையையும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள், உயிர்காப்பு அங்கியையும் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள். பவளம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடல் சூடேறி 2016இல் இந்தப் பக்கத்துப் பவளங்கள் வெளுத்தன, நாங்கள் பார்த்ததில் இறந்த பாறையே கூடுதல். மீன்கள் உண்டு, பிள்ளைகளுக்கு அது போதும். ஆழ்நீரில் மூழ்கத் தெரிந்தவர்களுக்கு வேறு விருந்து இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இந்தக் கடலில்தான் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் இருப்பதால், தனிப் பயிற்சி இல்லாமல் யாரும் கூட்டிப் போகமாட்டார்கள்.

போக்குவரத்து சுலபம். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை வழியாக வாழைச்சேனைப் பக்கம், ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் வாழைச்சேனையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காசை வாழைச்சேனையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், கரையில் கடை போட்டிருப்பவர்களிடம் கார்ட் செல்லாது. ஆதார வைத்தியசாலையும் வாழைச்சேனையில்தான். அவசரமென்றால் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

காலத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி. நவம்பரில் வாடைக்காற்று தொடங்கினால் மழை, கலங்கல், கொந்தளிப்பு, படகுகளையும் கரையேற்றிவிடுவார்கள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாசிக்குடாவைப் பதியாதீர்கள். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அந்த மழைதான். அந்த மாதங்களில் குளிக்கிற கடல் வேண்டுமென்றால் உனவட்டுன, ஹிக்கடுவைப் பக்கம் போய், மட்டக்களப்புக்குச் சொந்தங்களைப் பார்க்க மட்டும் வாருங்கள்.