0.20-ஆ, 0.28-ஆ, 0.40-ஆ? ஏர்சாஃப்ட் குண்டு எட்டப் போக எதை மாற்றுவது

பொம்மைத் துப்பாக்கியால் சின்ன பிளாஸ்டிக் குண்டு சுட்டு ஆடும் ஏர்சாஃப்டில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கை வைக்க நினைப்பது ஸ்ப்ரிங்கில்தான். கடினமான ஸ்ப்ரிங் போட்டால் குண்டு இன்னும் தூரம் போகாதா? போகும். ஆனால் நான் ஆடுவது ஜப்பானில். 2006-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, இங்கே 6 மில்லிமீட்டர் குண்டு சுடும் துப்பாக்கியின் ஆற்றல் 0.98 ஜூலுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆக, ஸ்ப்ரிங் ஆட்டத்திலேயே இல்லை. மிச்சம் மூன்று: குண்டின் எடை, குண்டைச் சுழல வைக்கும் ஹாப்-அப் ரப்பர், குண்டு வெளியே வரும் குழாயான பேரல்.

எடையில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். 0.20 கிராம் குண்டு கறுப்புக் கொண்டைக்கடலையை விடக் கொஞ்சம் சிறியது. 0.98 ஜூலில் அது வினாடிக்கு 99 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அந்த நொடியில் காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை, குண்டின் சொந்த எடையைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! அதனால் 17 மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகிவிடும். அதே ஆற்றலில் 0.28 குண்டு வினாடிக்கு 84 மீட்டரில்தான் கிளம்பும். ஆனால் வேகம் பாதியாக 24 மீட்டர் ஆகும். 0.40 குண்டு 70-இல் கிளம்பி 35 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். (உருண்டைக்கு இழுவைக் கெழு 0.47 என்று வைத்து நான் போட்ட கணக்கு இது. சுழற்சியைச் சேர்க்கவில்லை.)

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 30 மீட்டர். அங்கே மூன்று குண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்கின்றன, 0.57 முதல் 0.59 வினாடிக்குள். 50 மீட்டரில் கதை வேறு: 0.20-க்கு 1.6 வினாடி, 0.28-க்கு 1.3, 0.40-க்கு 1.2. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தால், அந்தத் தூரத்தில் 0.20 குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கிப் போகும், 0.28 ஒன்றரை மீட்டர், 0.40 ஒரு மீட்டர். இரண்டு மீட்டர் என்றால் ஆளையே விட்டு விலகிப் போய்விடுகிறது.

கோல்ஃப் பந்து மாதிரி குண்டிலும் குழி போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கோல்ஃப் பந்தின் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் அளவையும் வைத்துக் காற்றோட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) 2 லட்சம் அளவில் இருக்கும். நம் குண்டுக்குக் கிளம்பும்போதே 40,000-தான், அப்புறம் இறங்குமுகம். அங்கே குழியால் பெரிதாக லாபம் வராது. போதாததற்கு, குழி விழுந்த குண்டை ரப்பர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும்.

சரி, ரப்பருக்கு வருவோம். சுழற்சி இல்லாமல் நேராகச் சுட்டால் 0.20 குண்டு 30 மீட்டரில் 1.2 மீட்டர் தாழ்ந்துவிடும். தோளுக்கு வைத்த குறி முழங்காலுக்கும் கீழே போகும். ஹாப்-அப் ரப்பர் குண்டின் தலையை லேசாக அழுத்திப் பின்சுழற்சி கொடுக்கிறது. டேபிள் டென்னிஸில் பந்தின் அடியை வெட்டி அடித்தால் மிதந்து போகுமே, அதே மேக்னஸ் விளைவு: சுழலும் குண்டைக் காற்று மேலே தூக்கும். நல்ல வெயிலில் சுட்டால் வெள்ளைக் குண்டு போகும் பாதை நன்றாகத் தெரியும். ரப்பரின் அழுத்தத்தை மாற்றும் டயலை ஒவ்வொரு பல்லாகத் திருகுங்கள். முதலில் குண்டு தரையைப் பார்த்துப் போகும், பிறகு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். இன்னும் ஒரு பல் அதிகமானால் பட்டம் போலக் கடைசியில் மேலே ஏறிவிடும்.

0.40-இன் குட்டும் இங்கேதான் உடைகிறது. அதைத் தாங்க 0.20-க்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு தூக்குவிசை வேண்டும். துப்பாக்கியோடு வரும் ரப்பர் பெரும்பாலும் அதற்குத் தாங்காது. கணக்கில் ஜெயித்த குண்டு, களத்தில் பாதி வழியிலேயே தரையைத் தொடும். ரப்பரை மாற்றாமல் 0.40 வாங்குவது காசுக்குக் கேடு.

இன்னொன்று, ரப்பரில் சிலிகான் எண்ணெய் படக் கூடாது. ஒரு முறை நல்லது செய்வதாக நினைத்து பேரலுக்குள் தாராளமாக அடித்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு குண்டு வானத்துக்கு, அடுத்தது புல்லுக்கு. கடைசியில் ரப்பரைக் கழற்றித் துடைத்த பிறகுதான் சரியானது.

பேரலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 6.08 மில்லிமீட்டர் துளையை 6.03 ஆக்கினால் குண்டுகள் கொஞ்சம் ஒழுங்காக ஒரே இடத்தில் விழலாம், தூரம் அதிகமாகாது. நீளமான பேரல் புதரில் மாட்டும். கனமான குண்டில் ஒரு ஆபத்தும் உண்டு. குண்டைத் தள்ளும் காற்று தேவைக்கு மேல் மிச்சம் இருக்கும் துப்பாக்கியில் கனமான குண்டு பேரலுக்குள் அதிக நேரம் இருப்பதால் கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். 0.20-இல் 0.95 ஜூல் காட்டியது 0.28-இல் வரம்பைத் தாண்டலாம். எந்தக் குண்டில் ஆடப் போகிறோமோ அதையே போட்டு அளக்க வேண்டும்.

என் வரிசை இதுதான்: முதலில் 0.28 குண்டு, அடுத்து நல்ல ரப்பர், காசு மிஞ்சினால் பேரல். 0.20-ஐத் தூக்கி எறியவும் வேண்டாம். உள்ளரங்கில் 20 மீட்டருக்குள் அதுதான் முதலில் போய்ச் சேரும், விலையும் குறைவு. என் பையில் பாதி காலியான ஒரு பொட்டலம் அதற்கென்றே கிடக்கிறது.