வெளிநாட்டில் வசித்துக்கொண்டு ரஷ்ய விசா எடுக்க முயல்பவர்கள் கவனத்திற்கு

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. என் தங்கை மகன் ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவப் படிப்பை முடித்து, 2024 ஜூன் 28 அன்று பட்டம் வாங்குவதாக இருந்தது. தங்கையாலும் அவள் கணவராலும் ஊரிலிருந்து கிளம்ப இயலாத நிலையில், குடும்பத்தின் சார்பில் நானாவது போய் நிற்க வேண்டும் என்று ஏப்ரல் மாதமே முடிவு செய்திருந்தேன். போக முடியவில்லை. அதற்குக் காரணமான விசா முகவர் நிறுவனம், சொந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களை ஏமாற்றுவதற்கென்றே ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

இணையத்தில் தேடியபோது விளம்பரமாக முதலில் வந்த தளம் அது. முகப்பில் ரஷ்ய அரசின் இரட்டைத் தலைக் கழுகுச் சின்னம், மூன்று மொழிகளில் விளக்கம், அரசுத் தளம் போன்ற தோற்றம். அது தனியார் நிறுவனம் என்ற தகவல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நான் பின்னர்தான் கவனித்தேன். 2023 ஆகஸ்டு 1 முதல் ரஷ்யா இந்தியர்களுக்கும், இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறும் மின்விசா வழங்குகிறது என்று எங்கோ படித்த நினைவு இருந்ததால், எனக்கு அது கிடைக்குமா என்று மின்னஞ்சலில் தெளிவாகவே கேட்டேன். மின்விசா இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும்தான் என்றும், ஜெர்மனியில் வசிப்புரிமை பெற்றவர்கள் தூதரகத்தின் வழியே சாதாரணச் சுற்றுலா விசாதான் எடுக்க வேண்டும் என்றும் பதில் வந்தது. இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன். தூதரக விசாவுக்கு வேறு நாட்டவர் விண்ணப்பிக்கும்போது, அந்தத் தூதரகம் இருக்கும் நாட்டில் 90 நாட்களுக்கு மேல் வசிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்த நடைமுறையை எடுத்து, அதற்குத் துளியும் தொடர்பில்லாத மின்விசாவின் மேல் ஒட்டிவிட்டார்கள். மின்விசாவுக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதுதான் கணக்கு. விண்ணப்பிப்பவர் எங்கே உட்கார்ந்து விண்ணப்பிக்கிறார் என்பது கணக்கே இல்லை.

அழைப்புக் கடிதம், காப்பீடு, விண்ணப்பச் சேவை என்று 280 யூரோ கேட்டார்கள். அட்டை வழியாகச் செலுத்த வசதி இல்லை, வங்கிப் பரிமாற்றம் மட்டுமே என்றார்கள். ஜெர்மானிய வங்கிக் கணக்கு எண் ‘டிஇ’ என்று தொடங்கும். இவர்கள் தந்த எண் வேறு எழுத்துகளில் தொடங்கியது. பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

சுற்றுலா விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை, ரஷ்ய அரசின் சுற்றுலா நிறுவனங்கள் பதிவேட்டில் உள்ள ஒரு நிறுவனம் தர வேண்டும். கடிதத்தில் அதன் பதிவெண் இருக்கும். எனக்கு வந்த கடிதத்தில் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, பதிவெண்ணும் இருந்தது. இணையத்தில் உள்ள பதிவேட்டில் பிற்பாடு தேடியபோது அந்த எண் வேறொரு நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. பெயரிலும் குளறுபடி. நம்மவர்கள் பலருக்கும் போலவே என் கடவுச்சீட்டிலும் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும். ரஷ்யர்களுக்குத் தந்தைவழிப் பெயர் என்று தனியாக ஒன்று உண்டு என்பதால், அப்பா பெயரைப் பிய்த்து அந்த இடத்தில் போட்டு, மீதியைக் குடும்பப்பெயர் ஆக்கியிருந்தார்கள். திருத்தச் சொன்னதற்கு 40 யூரோ கூடுதல் கட்டணம் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். காப்பீட்டுப் பத்திரத்தை நிதானமாகப் படித்தபோது, அது ஷெங்கன் எனப்படும் ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் பத்திரம் என்று தெரிந்தது. ரஷ்யாவுக்கான காப்பீட்டில் ரஷ்யாவைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

மே 13 அன்று அசல் கடவுச்சீட்டைப் பதிவுத் தபாலில் அவர்களுக்கு அனுப்பினேன். இந்த விவகாரத்தில் நான் செய்த பெரிய பிழை இதுதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டதாக ஒரு வாரத்தில் பதில் வந்தது. ரஷ்யாவின் ஐந்து துணைத் தூதரகங்களில் நான்கை ஆண்டு முடிவதற்குள் மூடும்படி ஜெர்மனி 2023 மே மாதக் கடைசியிலேயே சொல்லிவிட்டது என்பதும், ஃபிராங்க்ஃபர்ட் அந்த நான்கில் ஒன்று என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தூதரக விசா விண்ணப்பத்தை ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில்தான் நிரப்ப முடியும். நிரப்பும்போது கிடைக்கும் விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதை மறுபடி திறந்து பார்க்கலாம். என் பெயரில் நிரப்பியதாகச் சொன்ன விண்ணப்பத்துக்கு அந்த எண்ணை நான்கு முறை கேட்டேன். ஒரு முறைகூடத் தரவில்லை. விண்ணப்பமே போடப்படவில்லை என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

ஜூன் 25 செவ்வாய்க்கிழமை கடவுச்சீட்டு திரும்பி வந்தது. விசா இல்லை, மறுப்புக் கடிதமும் இல்லை. அன்றிரவு மருமகனை அழைத்துச் சொன்னபோது, “என்ன மாமா, எங்கூடப் படிக்கிற பையனோட அப்பா சென்னையில இருந்து மின்விசாவுலதான வந்திருக்காரு, அவங்க அண்ணன் துபாய்ல இருந்தே போட்டுட்டு வந்தாரு” என்றான். துபாயிலிருந்து! உடனே அதிகாரப்பூர்வத் தளத்தில் நானே விண்ணப்பித்தேன். அரை மணி நேர வேலை. கட்டணம் நான் முதலில் முகவருக்குக் கொடுத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அழைப்புக் கடிதமும் தேவைப்படவில்லை. ஆனால் பரிசீலனைக்கு நான்கு நாட்கள் ஆகும் என்பதால் விசா 29ஆம் தேதிதான் வந்தது. விழா முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பயணச்சீட்டை மாற்றி, இஸ்தான்புல் வழியாக ஜூலை 3 அன்று கசான் போய்ச் சேர்ந்தேன்.

மின்விசாவுக்கான உண்மையான தளத்தின் முகவரி ‘கேடிஎம்ஐடி’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து ‘ஆர்யு’ என்று முடியும். இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பயணத்துக்கு 40 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க இயலாது, நான்கு நாட்களுக்கும் குறைவாக இருந்தாலும் இயலாது. பெயரை, கடவுச்சீட்டின் அடியில் கருவி படிக்கும் வரிகளில் உள்ளபடி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு நிரப்புங்கள். பிழை இருந்தால் எல்லையில் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. குறிப்பிட்ட சில எல்லைச் சாவடிகளில் மட்டுமே இந்த விசா செல்லும் என்பதால், இறங்கும் விமான நிலையம் அனுமதிப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும். நான் போனபோது 16 நாட்கள் தங்கலாம். 2025 ஆகஸ்டு முதல் அது 30 நாட்கள். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அன்றைய நாள் ஒரு நாளாகவே எண்ணப்படும்.

நானே விரும்பி அனுப்பிய பரிமாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. காவல்துறையில் இணையவழிப் புகார் அளித்தேன். கோப்பு எண் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. சென்ற மாதம் தேடிப் பார்த்தபோது அந்தத் தளம் வேறு பெயரில், அதே கழுகுச் சின்னத்துடன் விளம்பரத்தில் முதலாவதாக நின்றது. ஃபிராங்க்ஃபர்ட் துணைத் தூதரகத்தின் முகவரியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.