லிஸ்ட் பயிற்சிகளுக்கு தோனி எடிட்டர்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

தமிழக பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் கணினி அறிவியல் பிள்ளைகள் சி ப்ளஸ் ப்ளஸ் என்ற நிரல்மொழி படிக்கிறார்கள், ப்ளஸ் டூவில் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாறுகிறார்கள். கடலூரில் இருக்கும் அக்கா மகளுக்கு அந்த மாற்றத்தில் துணையாக இருக்கட்டும் என்று நான் போட்டுக் கொடுத்தது தோனி (கிரிக்கெட் தோனி இல்லை, எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான, பைத்தான் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் இலவச எடிட்டர்). அவள் இப்போது கல்லூரியில். தோனி அவள் தம்பியின் கைக்குப் போய்விட்டது.

நிறுவ பெரிய வேலை எதுவும் இல்லை. பைத்தான் உள்ளேயே வருகிறது. வீட்டில் கிடந்த பழைய விலையில்லா லேப்டாப்பிலும் திணறாமல் ஓடியது. இணையம் தேவையில்லை என்பது கடலூர்க்காரர்களுக்குச் சின்ன விஷயமில்லை. 2024இல் ஃபெங்கல் புயலின்போது நெட் படுத்துவிட்டது, பயிற்சி நிற்கவில்லை.

லிஸ்டில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) குழந்தைகள் மாட்டிக்கொள்வது இண்டெக்ஸ், அதாவது இட எண், 0இல் தொடங்குவதில் இல்லை. அது பழகிவிடும். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த லிஸ்ட்டை மாற்றும்போதுதான் தலை சுற்றும். துறைமுகத்து மீன் விலையை வைத்து ஒரு கணக்கு கொடுத்தேன்:

விலை = [80, 120, 120, 60]

நூறுக்கு மேல் உள்ளதை ஃபார் லூப்பில் (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சுற்று) ரிமூவ் செய்ய, அதாவது நீக்க, வேண்டும். ஓட்டினால் [80, 120, 60] என்று வருகிறது. "மாமா, ஒரு 120 தப்பிச்சிடுச்சே" என்றாள். விளக்கம் சொல்லாமல் கண்ட்ரோல் எஃப்5 அழுத்தச் சொன்னேன், அப்புறம் எஃப்7. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சின்ன அடி நகர்கிறது, பக்கத்தில் வேரியபிள்ஸ் பலகையில் (நாம் வைத்த பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் தெரியும் இடம்) லிஸ்ட் மாறுவது தெரிகிறது. முதல் 120 போனதும் அடுத்த 120 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. லூப்போ அதற்கடுத்த இடத்துக்குப் போய் 60ஐப் பார்த்தது. அவளே சொன்னாள், "அது உட்கார்றதுக்குள்ள இது தாண்டிப் போயிடுச்சு." புது லிஸ்ட் ஒன்றில் வேண்டியதை மட்டும் அப்பெண்ட் செய்வதும் (கடைசியில் சேர்ப்பதும்) அவள் கண்டுபிடித்த வழிதான்.

இன்னொன்று, மாலை = காலை என்று எழுதிவிட்டு மாலை விலையை மாற்றினால் காலை விலையும் மாறுவது. இதற்கு வியூ மெனுவில் ஹீப் பலகையைத் (மதிப்புகள் நினைவகத்தில் இருப்பதைக் காட்டுவது) திறக்க வேண்டும். வேரியபிள் பக்கத்தில் மதிப்புக்குப் பதில் ஓர் எண் வரும்; இரண்டு பெயருக்கும் ஒரே எண். காப்பி போட்டால் எண் வேறாகிறது. கரும்பலகையில் அம்புக்குறி வரைந்து நான் இதைப் புரியவைத்திருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆனால் முதல் வாரத்திலேயே ஹீப்பைத் திறந்து வைக்காதீர்கள், எண்களைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. இந்த விளக்கமான டீபக் (அடி அடியாக ஓட்டிப் பார்ப்பது) மெதுவானது. நூறு சுற்று லூப்பில் எஃப்7 அழுத்திக்கொண்டிருந்தால் விரல்தான் தேயும். ஐந்தாறு உறுப்புக்கு மேல் லிஸ்ட் வைக்காமல் சோதிப்பது நல்லது. விலை = விலை.அப்பெண்ட்(90) என்று எழுதி லிஸ்ட்டே நன் (None, ஒன்றுமில்லை) ஆகிவிட்டால் அதைப் பலகை காட்டும், ஏனென்று சொல்லாது. அங்கே ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். பிழைச் செய்திகள் எனக்கே எரிச்சல் தருகிற அளவுக்கு நீளம், கடைசி வரியை மட்டும் படிக்கச் சொல்லிப் பழக்கினேன்.

பள்ளித் தேர்வில் அவுட்புட்டைத் தாளில் எழுத வேண்டும் என்பதால் ஒரு நிபந்தனை வைத்தேன்: எஃப்7 தொடும் முன் அடுத்து லிஸ்ட் எப்படி இருக்கும் என்று நோட்டில் எழுதணும். இல்லையென்றால் சினிமா மாதிரி பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். தம்பி இதை வெறுக்கிறான். அவன் இன்னும் சார்ட்டுக்கும் (அந்த லிஸ்ட்டையே வரிசைப்படுத்துவது) சார்ட்டடுக்கும் (வரிசைப்படுத்திய புது லிஸ்ட் தருவது) இடையில் குழம்பிக்கொண்டிருக்கிறான். கல்லூரியில் அவன் அக்கா வேறு எடிட்டருக்கு மாறிவிட்டாள், லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் வந்து குழம்பும்போது மட்டும் தோனியைத் திறக்கிறாளாம்.